ஓர் உலையை மட்டும் நம்பலாமா?

ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த கார்ஷிங்கில் இயங்கிய ஆராய்ச்சி அணு உலை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முதலில் கொரோனா, பிறகு, கதிரியக்கக் கார்பன்-14 அனுமதித்த வரம்பை மீறி வெளியேறிய விவகாரம், அதற்கடுத்து, உலையின் மையக் குழாயையே மாற்ற வேண்டிய கட்டாயம். ஆண்டுகள் உருண்டோடின. மின்சாரம் தராத உலை என்பதால் பொதுமக்கள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால், உலகின் மிகச் செறிவான மெதுவான பாசிட்ரான் கற்றையும் அதோடு நின்றுபோனது.

பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானின் எதிர்த்துகள். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் கண்டறிந்தது. இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து, பெரும்பாலும் இரு காமா கதிர்களாக எதிரெதிர்த் திசைகளில் பிரியும். அவை நேர்கோட்டிலிருந்து விலகும் சிறு கோணத்தைக் கொண்டே, உலோகத்தில் எலெக்ட்ரான்கள் எத்தகைய உந்தத்துடன் இயங்குகின்றன என்று கணிக்கிறார்கள். மெதுவாக்கப்பட்ட பாசிட்ரான்களில் ஒரு பகுதி உலோகத்தின் மேற்பரப்பிலேயே சிக்கி அழியும். அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்கள், முதல் அணு அடுக்கில் உள்ள தனிமங்கள் எவையென்று காட்டிக்கொடுக்கும். வழக்கமான எலெக்ட்ரான் ஆய்வுகளிலோ பல அடுக்குகளின் தகவல்கள் கலந்தே கிடைக்கும். துருப்பிடித்தலும் வினையூக்கமும் தொடங்குவது அந்த முதல் அடுக்கில்தான்.

கார்ஷிங்கில் நொடிக்குச் சுமார் 100 கோடி பாசிட்ரான்கள் கிடைத்தன. சோடியம்-22 வைத்துச் செய்யும் ஆய்வகக் கற்றைகளில் கிடைப்பது இதைவிடப் பல நூறு மடங்கேனும் குறைவு. எனவே, உலையைத் திறக்க வேண்டும் என்ற விஞ்ஞானிகளின் கோரிக்கை நியாயமானதே. அதே நேரத்தில், 90 சதவீதத்துக்கும் மேல் செறிவூட்டிய யுரேனியத்தில் அது இயங்கியதை எதிர்ப்போரின் கவலையும் நியாயமானதே. ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருளை ஆராய்ச்சியின் பெயரால் எவ்வளவு காலம் அனுமதிப்பது?

இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று உண்டு. ஜப்பானின் சுகுபாவிலும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் எலெக்ட்ரான் முடுக்கிகளைக் கொண்டே பாசிட்ரான் கற்றைகள் உருவாக்கப்படுகின்றன. செறிவு குறைவுதான், ஆனால், யுரேனியம் தேவையில்லை.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாசிட்ரான் ஆய்வு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்த அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டு, முடுக்கி சார்ந்த தேசியப் பாசிட்ரான் மையம் ஒன்றை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும். ஒரே உலையை நம்பியிருக்கும் அறிவியல் எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதே கார்ஷிங் தரும் பாடம்.