வாக்கு வங்கியின் சாவி யார் கையில்?

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் ஒன்று முடிந்த மறுநாள் எமது பத்திரிகைகளில் தவறாமல் இடம்பெறும் தலைப்பு ஒன்றுண்டு: 'தமிழ் மக்கள் தீர்ப்பளித்தனர்.' தென்னிலங்கைப் பத்திரிகைகளும் இதே வேலையை வேறு வார்த்தைகளில் செய்யும். சிங்கள வாக்கு இவ்வளவு, தமிழ் வாக்கு இவ்வளவு, முஸ்லிம் வாக்கு இவ்வளவு, தோட்டத்து வாக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து எழுதுவார்கள். முப்பது ஆண்டுகளாகத் தேர்தல் இரவுகளை ஆசிரிய பீடத்தில் கண்விழித்துக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எப்படித் தயாராகிறது என்பதை நான் அறிவேன். வாக்குச்சீட்டில் இனம் எழுதப்படுவதில்லை. எமக்குக் கிடைப்பவை 22 தேர்தல் மாவட்டங்களினதும் அவற்றுக்குள் அடங்கும் 160 தேர்தல் தொகுதிகளினதும் முடிவுகளும் தபால் வாக்குகளின் எண்ணிக்கையும்தான். வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் கேட்டுத் தொகுக்கும் நம்பகமான கணிப்பு முறை எதுவும் இங்கே வேரூன்றவில்லை. ஆகவே, குடிசன மதிப்பீட்டை ஒரு கையிலும் தொகுதி முடிவை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஊகிக்கிறோம்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்த ஊகம் உண்மைக்கு மிக அண்மையில் இருக்கும். அம்பாறை, திருகோணமலை, நுவரெலியா போன்ற கலப்பு மாவட்டங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆனால் எனது ஆட்சேபம் கணக்கைப் பற்றியது அல்ல. அந்தக் கணக்கின் மீது ஏற்றி வைக்கப்படும் 'வாக்கு வங்கி' என்ற சொல்லைப் பற்றியது. வங்கி என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு முகாமையாளர் இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும். 1982 முதல் நடைபெற்ற தேர்தல்களின் முடிவுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தச் சாவி எந்தத் தலைவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 ஆம் திகதி நடந்தது. அப்போது நான் பாடசாலை மாணவன். தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. எவரையும் ஆதரிக்கவும் இல்லை. ஜே.ஆர்.ஜெயவர்தன நாடு முழுவதும் 52.91 சதவீத வாக்குகளைப் பெற்று வென்றார். யாழ் மாவட்டத்தில் முதலிடம் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலத்துக்கு, 87,263 வாக்குகள். இது எவருக்கும் வியப்பளிக்காது. இரண்டாமிடத்தில் வந்தவர்தான் கவனத்துக்குரியவர். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 77,300 வாக்குகளைப் பெற்றார். 1972 அரசியலமைப்பைக் கொண்டுவந்த கட்சி அது. தரப்படுத்தலைக் கொண்டுவந்த கட்சி அது. அக்கட்சிக்கு யாழ்ப்பாணத் தமிழர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வாக்களித்தது எவ்வாறு?

விடை தோட்டக்காணியில் இருந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் 1970-77 ஆட்சியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் கிடைத்த விலை, அதற்கு முன்னரும் பின்னரும் கிடைத்ததில்லை. 1977க்குப் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி மிளகாயும் வந்தது. மகன் பல்கலைக்கழகம் புகமுடியாமற் போனதற்கு அதே அரசாங்கத்தைத் திட்டிய கமக்காரர், அதே அரசாங்க காலத்தில் கட்டிய கல்வீட்டையும் மறக்கவில்லை. இதனோடு 1981 இல் நூலகம் எரிக்கப்பட்ட ஆத்திரமும் சேர்ந்துகொண்டது; ஜே.ஆரை வீழ்த்தக்கூடிய பலமுள்ளவர் கொப்பேகடுவதான் என்ற எண்ணமும் இருந்தது. இனம் ஒன்று, கோபம் ஒன்று, ஆயினும் வாக்கு ஒன்றாக விழவில்லை. யாழ்ப்பாணத்துக்குள் கமக்காரர் என்ற பிரிவும் அரச உத்தியோகத்தர் என்ற பிரிவும் இருந்ததை அந்த முடிவு எவ்வளவு தெளிவாகக் காட்டியது! அதன் பின்னர் வந்த போர் இந்தப் பிரிவுகளையெல்லாம் மறைத்துவிட்டது. ஒழித்துவிட்டதாகப் பலர் கருதினார்கள்.

மலையகத்துக்கு வருவோம். தலைவர் சொல்லைத் தட்டாமல் வாக்களிப்பவர்கள் என்று தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கருத்து கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. அக்கருத்தில் ஏளனமும் கொஞ்சம் கலந்திருக்கும். பதிவேடு சொல்வது வேறு. 2010 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் சரத் பொன்சேகா 52 சதவீதத்தைப் பெற்றார். 2015 இலும் காங்கிரஸ் மகிந்தவுடன்தான் நின்றது. மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு 63.88 சதவீதத்தைக் கொடுத்தது. 2019 இல் காங்கிரஸின் தெரிவு கோத்தாபய ராஜபக்ச. மாவட்டத்தின் தெரிவு 58 சதவீதத்துடன் சஜித் பிரேமதாச. 2024 இல் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. அங்கே சஜித்துக்கு 42.58 சதவீதம், ரணிலுக்கு 29.25 சதவீதம்.

நான்கு தேர்தல்கள், நான்கிலும் ஒரே கதை. நுவரெலியா மாவட்டத்தில் சிங்கள வாக்காளர்களும் பெருந்தொகையாக இருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியின் முடிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் இராது. நாட்டின் மிகப் பழைய தொழிற்சங்கங்களில் ஒன்றுக்குச் சந்தாப் பணம் கட்டிக்கொண்டே அதன் வேட்பாளரைத் தொழிலாளி நிராகரித்திருக்கிறார். சங்கம் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு. வாக்கு தனக்கு என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபா நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் வாக்களிக்கப் போன நாளில் அந்த 1,700 ரூபா தொழிலாளியின் கைக்கு வந்திருக்கவில்லை. 1948 இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்த ஒரு சமூகம், கிடைத்த வாக்கை இவ்வளவு கணக்காகப் பயன்படுத்துவதில் வியப்பென்ன?

முஸ்லிம்களிடையே தலைவர்கள் கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டார்கள். 2014 ஜூனில் அளுத்கமவில் நடந்த வன்முறைக்குப் பின்னர் மக்கள் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பது ஊரறிந்த விடயம். ரிஷாட் பதியுதீனும் ரவூப் ஹக்கீமும் டிசெம்பர் மாதக் கடைசிவரை மகிந்தவின் அமைச்சரவையில் இருந்துவிட்டு, தேர்தலுக்கு ஒருசில வாரங்கள் இருக்கையில் வெளியேறினார்கள். அவர்கள் மக்களை அழைத்துச் சென்றார்கள் என்பதைவிட, போய்க்கொண்டிருந்த ஊர்வலத்தில் ஓடிப்போய் முன்வரிசையில் சேர்ந்துகொண்டார்கள் என்பதே பொருந்தும்.

எனினும் ஒருமுறை வடக்கில் சாவி வேறொருவர் கையில் இருந்தது. 2005 நவம்பர் 17. அத்தேர்தலில் தமிழ் மக்கள் அக்கறை கொள்ளவில்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்த பின்னர், வெவ்வேறு பெயர்களில் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. வீதிகளில் டயர்கள் எரிந்தன. யாழ் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட 701,938 வாக்காளர்களில் 8,524 பேர் வாக்களித்தனர். 1.21 சதவீதம். கிளிநொச்சித் தொகுதியில் ஒரேயொரு வாக்கு. மகிந்த ராஜபக்ச 180,786 வாக்குகளால் ரணிலை வென்றார்.

அந்த வித்தியாசத்தை வடக்கு மாற்றியிருக்க முடியுமா என்ற கேள்வி இருபது ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. உணர்ச்சியை விட்டுக் கணக்குப் பார்ப்போம். அன்று வன்னி மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் 78 சதவீதத்தினர் ரணிலையும் 20 சதவீதத்தினர் மகிந்தவையும் தெரிவுசெய்தனர். இதே விகிதத்தில் வாக்குகள் விழுந்திருந்தால், வித்தியாசத்தைக் கடக்க மேலதிகமாக மூன்று இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாக்களித்திருக்க வேண்டும். 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாக்களித்திருந்தனர். வன்னியிலும் மட்டக்களப்பிலும் வீட்டிலிருந்தவர்கள் வேறு. ஆகவே முடிவு மாறியிருக்கும் என்பது வெறும் கற்பனையல்ல. ஆனால் பலர் எழுதுவதுபோல அது நிச்சயமும் அல்ல. என்னைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று. அந்த 1.21 சதவீதத்தைத் 'தமிழ் மக்களின் தீர்ப்பு' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். வாக்களிக்க முடியாதவரின் மௌனத்தைத் தீர்ப்பு என்று எவ்வாறு வாசிப்பது? மட்டக்களப்பில் அழுத்தங்களையும் மீறி வாக்களித்தவர்களில் 79 சதவீதத்தினர் ரணிலுக்கு வாக்களித்தார்கள் என்ற தகவல், அந்த மௌனத்துக்குள் என்ன இருந்திருக்கலாம் என்பதைக் கொஞ்சம் காட்டுகிறது.

போர் முடிந்து எட்டு மாதங்களில், 2010 ஜனவரியில், போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு யாழ்ப்பாணத்தில் 63.84 சதவீதம். வாக்களித்தோர் நாலில் ஒருவர்தான். 2015 இல் சிறிசேனவுக்கு 74 சதவீதம். 2019 இல் சஜித்துக்கு 83.86 சதவீதம். இவையெல்லாம் எவரோ ஒருவர் வரவேண்டும் என்பதற்காக விழுந்த வாக்குகள் அல்ல. ஒரு குடும்பம் வரக்கூடாது என்பதற்காக விழுந்தவை. 2015 இல் அது பலித்தது. நாடளாவிய வித்தியாசம் 449,072 வாக்குகள். வடக்கு, கிழக்கு, மலையகம் இல்லாமல் அது சாத்தியமில்லை என்பதைத் தோற்றவரே தனது ஊரில் கூடிய ஆதரவாளர்களிடம் சொன்னார். பலித்ததன் பலன் என்ன? சில காணிகள் விடுவிக்கப்பட்டன; அச்சம் குறைந்தது; புதிய அரசியலமைப்பு வரைவு மேசையிலேயே கிடந்தது. 2019 இல் வடக்கும் கிழக்கும் ஒன்றாக நின்றும் தென்னிலங்கை 69 இலட்சம் வாக்குகளுடன் கோத்தாபயவைத் தெரிவுசெய்தது. அவர் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவின் முன்னால் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கினால் வெல்ல முடியும் என்று அறிந்திருந்ததாகச் சொன்னார்.

அந்தச் 'சிங்கள வாக்கு வங்கி' எவ்வளவு காலம் நிலைத்தது? எரிபொருள் வரிசையும் 2022 இன் பணவீக்கமும் போதுமாக இருந்தன. 2024 இல் நாமல் ராஜபக்ச பெற்றவை 342,781 வாக்குகள், 2.57 சதவீதம். ஐந்து ஆண்டுகளில் 69 இலட்சம் மூன்றரை இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2019 இல் 3 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம் பெற்றார். சிங்களவர் சிங்களவராகவே இருந்தனர். வாக்கு இடம் மாறியது.

யாழ்ப்பாணத்தில் அதே 2024 செப்டெம்பர் 21 இல் நடந்ததைப் பற்றித்தான் எம்மவர்கள் இன்னமும் சண்டையிடுகிறார்கள். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தது. தமிழ்த் தேசிய பொதுக் கட்டமைப்பு பா.அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்தில் நிறுத்தியது. முடிவு: சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுர 27,086. 'தமிழ் வாக்கு சிதறிவிட்டது, பேரம்பேசும் சக்தி போய்விட்டது' என்று கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எழுதினார்கள். அவர்களது கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐம்பது சதவீதத்துக்கு மேல் பெறவேண்டிய தேர்தலில் சிறுபான்மையின் வாக்கு நாலாகப் பிரிந்தால் அதன் எடை குறையும். ஆனால் பேரம் பேசியவர்கள் யார், பேசி வந்த பேரத்தில் வாக்காளருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. பொதுவேட்பாளருக்கு ஒன்று, விரும்பிய சிங்கள வேட்பாளருக்கு இரண்டு என்று அடையாளமிடும் வழி சட்டத்தில் இருந்தது. அதை வீடு வீடாக விளக்கக் கட்சிகள் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை. தெற்கிலும் அதே நிலைதான். வரலாற்றில் முதற்தடவையாக இரண்டாம் கட்ட எண்ணிக்கை நடந்தபோது, விலக்கப்பட்ட வேட்பாளர்களின் 33 இலட்சம் வாக்குச்சீட்டுகளிலிருந்து முதலிருவருக்கும் சேர்ந்தது 273,131 மட்டுமே.

சிதறல் என்று சொல்லப்படுவதை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். அச்சம் தணிந்ததும், 1982 இல் இருந்த யாழ்ப்பாணம் திரும்பி வருகிறது. கடற்றொழிலாளரின் கணக்கு வேறு, அரச ஊழியரின் கணக்கு வேறு. போரைக் காணாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் கணக்கு தகப்பனுடைய கணக்கிலிருந்து வேறு. ஒரே வீட்டில் மூன்று சின்னங்களுக்கு வாக்களித்தவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

செப்டெம்பரில் 27,086 பேர் தெரிவுசெய்த அணிக்கு நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே யாழ் மாவட்டம் 80,830 வாக்குகளையும் ஆறில் மூன்று ஆசனங்களையும் கொடுத்தது. தேசிய மக்கள் சக்தி வடக்கை வென்றுவிட்டது, தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டது என்று தெற்கிலிருந்து சிலர் அவசரமாக எழுதினார்கள். ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி முதலிடத்துக்கு வந்தது.