நோவைப் பொறுப்பது வீரமா?

2019 இல் எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்தபோது நினைவுக்கு முன்னரே நோவு வந்துவிட்டது. "நோகுதோ ஐயா?" என்று கேட்டார் தாதி. "பரவாயில்லை, பிள்ளை" என்றேன். அது பொய். காலமெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன், என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மை சொல்லவில்லை.

1846 இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் சத்திரசிகிச்சை பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது. கத்தியின் நோவுக்கு அன்றே வழி பிறந்தது. விழித்தபின் வரும் நோவை மட்டும் நம்மிற் பலர் இன்னமும் விதியென்றே ஏற்கிறோம்.

அது தவறு. வயிற்றில் வெட்டுப்பட்டவர் நோவுக்கு அஞ்சி ஆழமாக மூச்செடுக்கார். இருமிச் சளியை வெளியேற்றார். நுரையீரலில் தொற்று ஏற்பட அதுவே வழி. எழுந்து நடக்காவிடில் கால் நாளங்களில் குருதி உறையவும் கூடும்.

மோர்பினுக்கு அஞ்சுவோர் உளர். அளவு மிஞ்சினால் அது மூச்சை மந்தமாக்கும் என்பது உண்மையே. அதனாற்றான் சிறிது சிறிதாகக் கொடுத்துக் கண்காணிக்கிறார்கள். பரசிற்றமோலும் நரம்பருகே ஏற்றும் விறைப்பு மருந்தும் சேர்ந்தால் மோர்பினின் தேவையே குறையும். ஆனால் நோயாளி வாய் திறக்கவேண்டும்.

தாதி மீண்டும் வந்தார். "ஒருக்கால் இருமிப் பாருங்கோ. பூச்சியத்திலிருந்து பத்துக்குள்ளே எவ்வளவு?" என்றார். இருமினேன்.

"எட்டு" என்றேன்.

அன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.