வயரைத் தொட லைசென்ஸ், தாடையைத் தொட...?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஒரு இரும்பாலைக்குள் போய் வயரிங் வேலை செய்ய வேண்டுமா? மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று எங்கே என்பார்கள். பாய்லரைக் கவனித்துக்கொள்ள வேண்டுமா? அதற்குத் தனித் தேர்வு, தனிச் சான்றிதழ். 1923-லேயே பாய்லருக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், 2025-ல் அதைப் புதுசாகவும் மாற்றிவிட்டார்கள். இரும்புக்கும் வெந்நீருக்கும் அவ்வளவு மரியாதை! தப்பே இல்லை.

அதே சிப்காட்டில் ஷிப்ட் முடித்த ஒரு பெண், தாடையில் முளைக்கும் முடியை ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்று திருவள்ளூரிலோ சென்னையிலோ ஒரு பார்லர் நாற்காலியில் போய் உட்காருகிறாள் என்று வையுங்கள். முடியின் வேர்க்கால் வரை ஊசியை இறக்கி அதில் கரன்ட் விடும் கைக்கு என்ன லைசென்ஸ்? எலக்ட்ரோலிசிஸ் செய்பவருக்கென்று ஒரு லைசென்ஸே இந்தியாவில் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் நகராட்சித் தொழில் உரிமம் கடைக்குத்தானே தவிர கைக்கு இல்லை.

"சின்ன கரன்ட்தானே" என்பவர்களுக்கு ஒரு கெமிஸ்ட்ரி பாடம். கால்வனிக் முறையில் ஊசிதான் எதிர்முனை. வேர்க்காலில் இருக்கும் உப்புத் தண்ணீர் பிரிந்து அங்கே சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதாவது காஸ்டிக் சோடா. மணலி ரோட்டில் எச்சரிக்கைப் பலகையோடு டேங்கரில் போகும் அதே சாமான்தான். அதுதான் வேரைக் கரைக்கிறது. அளவு மீறினால் தோலையும் கரைக்கும். முனையை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஊசியின் உலோகம் தோலில் இறங்கிப் பச்சை குத்திய மாதிரி கறுப்புப் புள்ளி விழும். இன்னொரு முறை தெர்மோலிசிஸ். அதில் சூடுதான் ஆயுதம். நம் ஊர்க் கறுப்புத் தோலில் சின்னத் தீக்காயம்கூட மாசக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும், சிலருக்குக் கெலாய்டாகத் தடித்துவிடும். ஊசி சுத்தமில்லையென்றால் ஹெபடைடிஸ் பி வேறு. பேஸ்மேக்கர் இருக்கா, சுகர் இருக்கா என்று கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. 1875-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சார்லஸ் மிஷெல் என்ற கண் டாக்டர், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமை முடியை எடுக்கச் செய்த வைத்தியம். லேசர் முடியின் கறுப்பைத் தேடிப்போய்ச் சுடுவதால் நரைத்த முடியிடம் அதன் பாச்சா பலிக்காது. அங்கே இந்த ஊசிதான் கதி. ஒவ்வொரு முடியாக, வாரக்கணக்கில், சில முகங்களுக்கு வருஷத்துக்கு மேலும் உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணும் கையும் பழகாமல் வராது. கலிபோர்னியாவில் இதற்கு 600 மணி நேரப் பயிற்சி, அப்புறம் தேர்வு, அப்புறம்தான் லைசென்ஸ். (அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை.)

இங்கே என்ன இருக்கிறது? ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ காஸ்மெட்டாலஜி இருக்கிறது. மத்திய அரசின் திறன் திட்டத்தில் உதவி அழகுக்கலைஞர் சான்றிதழ் இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் அது இல்லாமல் ஊசியைத் தொடாதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படியானால் அந்தச் சான்றிதழும், பத்து நாள் "டிப்ளமோ" முடித்து ஃப்ரேம் போட்ட காகிதமும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுதான். இதில் முதலில் ஏமாறுவது நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய பெண். அவள் வாங்கிவருவது ஃபீஸ் கட்டிய ரசீது, கொஞ்சம் பெரிய சைஸில். இரண்டாவதாக ஏமாறுவது நாற்காலியில் உட்காருகிறவள்.

லைசென்ஸ் என்றால் லஞ்சம் வரும், ஏழைப் பெண்கள் பிழைப்பு போகும் என்று ஒரு கட்சி. பயம் நியாயமானது. ஆனால் த்ரெட்டிங்குக்கும் வாக்ஸிங்குக்கும் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லையே. தோலுக்குள் ஊசி போனால் மட்டும்தான் பேச்சு. டாக்டரிடமே விட்டுவிடலாம் என்று இன்னொரு கட்சி. ஒரு முகத்துக்கு வருஷக்கணக்கில் உட்கார எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? இருந்தாலும் அந்த ஃபீஸை யார் கட்டுவது?

நாட்டிலேயே முதல் முறையாக 2008-ல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அறுவை சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. முக முடிக்கு மட்டும் இன்றும் பலர் கையில் இருப்பது சிம்டா. தினம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பது. முறையாகப் பயிற்சி பெற்ற கை யாருக்கு எல்லாரையும்விட அவசரமாக வேண்டும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வழி ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வயரிங் வேலையில் கை பழகியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசே மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. பெரிய படிப்பெல்லாம் கேட்பதில்லை. அனுபவத்தைக் காட்டு, செய்து காட்டு, சான்றிதழை வாங்கிக்கொள், அவ்வளவுதான். அதே மாதிரி ஊசிக்கும் ஒரு செய்முறைத் தேர்வு வைக்கட்டும். ஏற்கெனவே பார்லர் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுக்கட்டும். முதல் கேள்வியாக, ஊசி எந்த முனை என்று கேட்கட்டும்.