கேம் வரட்டும், பிறகு சல்லி கொடுப்போம்

நவம்பர் 7ஆம் திகதி காலையில் எழும்பி போனைப் பார்த்தால் எங்கள் குரூப்பில் நாற்பதுக்கு மேல் மெசேஜ். ஜீடிஏ 6 மறுபடியும் தள்ளிப்போச்சு. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. இப்போது 2026 நவம்பர் 19. அதே நாள்தான் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயில் இருந்து 1,750 ரூபாய் ஆகும் என்று அதில் சொன்னார்கள். 2024இல் 1,700 என்று வர்த்தமானி வரைக்கும் போய், கடைசியில் 1,350இல் நின்ற கதையை எங்கள் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அடுப்படியில் பெரியவர்களும் போனில் நாங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: சொன்ன திகதிக்குச் சொன்னது வருமா?

நாங்கள் என்றால் ஹுன்னஸ்கிரிய பக்கத்து நாலு பேர். பேராதனையில் கலைப்பீடம். நாலு பேருக்கும் சேர்த்து கேம் விளையாட ஒரே ஒரு கம்பியூட்டர், அதுவும் செகண்ட் ஹேண்ட். ஜீடிஏ 6 முதலில் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும்தான் வரப்போகிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. ஆனால் எங்களில் ஒருவனின் மச்சானிடம் கொழும்பில் பிளேஸ்டேஷன் இருக்கிறது. "ப்ரீ-ஓடர் திறந்த உடனே போட்டுருவோம், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைங்கடா" என்று அவர் சொல்லி இருக்கிறார். அப்போது ப்ரீ-ஓடரே திறந்திருக்கவில்லை. அதற்குள் எங்களுக்குள் சண்டை.

சண்டை முடிந்து நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது. திகதி தள்ளிக்கொண்டே போகிற டிஜிட்டல் கேமுக்கு முன்கூட்டியே காசு கட்டக்கூடாது. அதுவும் எங்களைப் போல, வேறு ஒருவர் கையால் வாங்குகிறவர்கள் கட்டவே கூடாது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். போன வருஷம் ஒரு கேமுக்காக ஆளுக்கு 5,000 போட்டோம். அப்போது மஹாபொல மாதத்துக்கு 5,000தான். அதாவது ஆளுக்கு ஒரு மாத மஹாபொல. எங்கள் யாரிடமும் கிரெடிட் கார்ட் இல்லை. ஆகவே கேம் எடுத்துக் கொடுக்கிற ஒரு அண்ணாவிடம் 20,000 கட்டினோம். 60 டொலருக்குக் கிட்டத்தட்ட 18,000, மிச்சம் அவருக்கு. வெளிவர மூன்று வாரம் இருக்கும்போது கேம் நாலு மாதம் தள்ளிப்போனது. எங்களுக்கு பரீட்சை நெருங்குகிறது, சல்லியைத் திருப்பி எடுப்போம் என்று போய்க் கேட்டோம். "தம்பி, சல்லி எங்கயும் போகல்ல. வொலட்டுல கிடக்கு. கேம் வரட்டும்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. வொலட் கார்ட் போட்டு வாங்கி இருந்தார். திருப்பிக் கேட்டால் காசு அந்த வொலட்டுக்குத்தான் போகும், ரூபாயாகக் கைக்கு வராது. அவர் அதை இன்னொரு ஆளுக்கு விற்றால்தான் எங்களுக்குத் தரலாம். இரண்டு தவணையாக 12,000 வந்தது. மிச்சம் 8,000 பற்றி இப்போது பேசுவதில்லை. அந்த அண்ணாவைக் கள்ளன் என்று சொல்ல மாட்டோம். அவருடைய காசும் எங்களுடைய காசோடு சேர்ந்து அங்கே மாட்டி இருந்தது.

ஸ்டீம் கடையின் சட்டத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ப்ரீ-ஓடர் போட்ட கேமை, அது வெளிவரும் வரைக்கும் எந்த நேரமும் ரத்துச் செய்யலாம். வெளிவந்த பிறகும் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடி இருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். 2015இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. "அப்ப என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் இந்த உரிமை யாருக்கு? கார்டும் அக்கவுண்டும் தன் பேரில் வைத்திருப்பவருக்கு. வெளியில் கோட் வாங்கியவருக்கு ஸ்டீம் காசு திருப்பித் தராது. அண்ணா ஒருவரிடம் ரூபாயாகக் கொடுத்தவருக்குப் பொறுப்பு அந்த அண்ணா மட்டும்தான்.

பிளேஸ்டேஷன் பக்கம் இதைவிடச் சிக்கல். சோனியின் ஒன்லைன் கடை அதிகாரபூர்வமாக இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே விளையாடுகிறவர்கள் வேறு நாட்டு முகவரி போட்டு அக்கவுண்ட் திறந்துதான் விளையாடுகிறார்கள். இது எவ்வளவு லேசான நூலில் தொங்குகிறது என்பது 2024 மே மாதம் தெரிந்தது. ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கம்பியூட்டரில் விளையாடவும் பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். உடனே 170க்கும் அதிகமான நாடுகளில் அந்த கேம் ஸ்டீம் விற்பனையில் இருந்து காணாமல் போனது. அதில் எங்கள் நாடும் ஒன்று. உலகம் முழுக்க ஆட்கள் சத்தம் போட்ட பிறகு அந்தக் கட்டாயத்தைச் சில நாளில் விட்டார்கள். ஏற்கனவே வாங்கிய கேமுக்கே இந்த நிலைமை என்றால், இன்னும் வராத கேமுக்குக் கட்டிய காசை எந்த நாட்டு அக்கவுண்டில் போய் கேட்பது?

இன்னொரு விஷயத்தையும் யோசித்தோம். ப்ரீ-ஓடர் என்ற பழக்கம் பெட்டியில் டிஸ்க் விற்ற காலத்தில் வந்தது. கடைக்கு ஐம்பது பெட்டி வரும், ஐம்பத்தோராவது ஆளுக்குக் கிடைக்காது. முதலே சொல்லி வைப்பதில் ஞாயம் இருந்தது. டிஜிட்டல் கேம் முடிந்துபோகாது. முதல் நாளும் இருக்கும், நூறாவது நாளும் இருக்கும். சில நேரம் நூறாவது நாள் விலையும் குறைந்திருக்கும். அப்படி என்றால் முன்காசு கொடுத்து நாங்கள் எதைப் பிடித்து வைக்கிறோம்?

சைபர்பங்க் 2077 கதை பலருக்குத் தெரியும். ஆனாலும் திகதிகளை வரிசையாகப் பார்த்தால்தான் உறைக்கும். 2019 ஜூனில் ப்ரீ-ஓடர் திறந்தார்கள். 2020 ஏப்ரல் 16 என்று சொன்னார்கள், பிறகு செப்டெம்பர் 17, பிறகு நவம்பர் 19. ஒக்டோபர் 5ஆம் திகதி கேம் முடிந்துவிட்டது, டிஸ்க் அடிக்கத் தயார் என்று அறிவித்தார்கள். அதே மாதம் 27ஆம் திகதி மறுபடி தள்ளி, டிசம்பர் 10க்கு வைத்தார்கள். அதற்குள் 80 இலட்சம் பேர் ப்ரீ-ஓடர் போட்டிருந்தார்கள். வெளிவருவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்பியூட்டர் பிரதி மட்டும். பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படி ஓடும் என்பது காசு கட்டியவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது கேம் அவர்கள் வீட்டில் இருந்தது. ஒரு கிழமையில் சோனி அதைத் தன் கடையில் இருந்தே தூக்கி, காசைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. மறுபடி கடைக்கு வர 2021 ஜூன் ஆனது.

அந்த கேமைச் செய்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று சொல்லி வந்த சிடி புரொஜெக்ட் கம்பனி, 2020 செப்டெம்பர் கடைசியில் கிழமைக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயம் ஆக்கியது என்று செய்தி வந்தது. ஆகவே திகதி தள்ளிப்போவதை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அம்மாமார் கொழுந்துக் கணக்குக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவசரத்தில் பறித்தால் கூடைக்குள் என்ன விழும் என்று தெரியும். தள்ளிப்போடட்டும், நன்றாகச் செய்யட்டும். ஆனால் அந்தத் தாமதத்துக்கு எங்கள் காசு காவல் இருக்கத் தேவை இல்லை.

தள்ளிப்போட்டும் யாருடைய காசையும் பிடித்து வைக்காமல் இருக்க முடியும் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஹொலோ நைட்: சில்க்சோங் 2019 பெப்ரவரியில் அறிவித்த கேம். அவுஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செரி என்ற சின்னக் குழு செய்தது. 2023 முதல் பாதி என்று சொல்லி, அதுவும் தவறியது. 2025 ஓகஸ்ட் 21ஆம் திகதிதான் 'செப்டெம்பர் 4' என்று உறுதியாகச் சொன்னார்கள். ப்ரீ-ஓடர் கிடையாது. 20 டொலர். வந்த அன்றைக்கு ஸ்டீம் உட்பட ஒன்லைன் கடைகள் தாங்க முடியாமல் கொஞ்ச நேரம் விழுந்து கிடந்தன. முன்காசு வாங்காவிட்டால் கேம் விற்காது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத்து ஞாயங்களையும் நாங்கள் பேசாமல் விடவில்லை. முதலாவது, ப்ரீ-லோட். 70 ஜிபி கேமை நைட் டேட்டாவில் இறக்குவது எங்கள் ஊரில் ஒரு தனிக் கலை. மழை வந்தால் சிக்னல் போகும், விடிவதற்குள் நாலில் ஒரு பங்குதான் இறங்கி இருக்கும். முன்கூட்டியே இறக்கி வைக்கலாம் என்பது எங்களுக்கு உண்மையாகவே பெரிய வசதி. ஆனால் கணக்குப் பார்த்தால் அதில் மிச்சம் ஆவது நாலைந்து ராத்திரி. வருஷக் கணக்கில் காத்திருந்தவனுக்கு நாலு ராத்திரி ஒரு விஷயமா?

இரண்டாவது, டொலர். இதுதான் கஷ்டமான கேள்வி. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. 12,000 ரூபாய் கேம் இரண்டு மாதத்தில் 21,600 ரூபாய். அதற்கு முன் காசு கட்டி வைத்தவன் தப்பித்தான். உண்மைதான். ஆனால் அன்றைக்கு காஸ் வரிசையில் நின்ற வீட்டுக்கு, வராத ஒரு கேமில் 12,000 ரூபாய் முடங்கிக் கிடப்பது என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டொலர் ஏறும் என்று பந்தயம் கட்ட கேம் கடை இடம் இல்லை.

மூன்றாவது, போனஸ். ஒரு உடுப்பு, ஒரு துப்பாக்கி நிறம். இதைப் பற்றி நாங்கள் பேசி நேரத்தை வீணாக்கவில்லை.

சின்னக் குழுக்களை ஆதரிக்க வேண்டாமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கட்டாயம் வேண்டும். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா' 2023 ஜூலை 31 வெளிவந்தது. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. அடுத்த வருஷம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. அப்படி ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால் விஷ்லிஸ்டில் போடுவோம், நாலு பேருக்குச் சொல்லுவோம், வந்த கிழமையே வாங்குவோம். சின்னவர்களுக்கு அது போதிய உதவி.

எங்கள் ஊர்க் கடையில் கொப்பி இருக்கிறது. சாமானை முதலில் எடுப்போம், சம்பளத்துக்குக் கட்டுவோம். கடைக்காரர் எங்களை நம்புகிறார், ஏன் என்றால் எங்கள் வீடு அவருக்குத் தெரியும். சீட்டும் போடுகிறோம். அதில் நாங்கள் முன்காசு கட்டுகிறோம்தான். ஆனால் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் வீட்டு வாசல் எங்களுக்குத் தெரியும். தாமதமானால் போய் நிற்கலாம். ப்ரீ-ஓடரில் நாங்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்கள் வாசல் எங்களுக்கும் தெரியாது.

புதுப் பெரிய கேம்கள் இப்போது 70 டொலருக்கு வருகின்றன. 21,000 ரூபாய்க்கு மேல். 2025இல் 7,500 ஆன மஹாபொலவில் மூன்று மாதத்துக்குக் கிட்ட. 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பதினைந்து நாளுக்கு மேல். அவ்வளவு காசு எங்கேயாவது காத்திருக்க வேண்டும் என்றால் அது எங்கள் பாஸ் புத்தகத்தில் காத்திருக்கட்டும். வழியில் ஒரு பரீட்சைக் கட்டணமோ, வீட்டில் ஒரு காய்ச்சலோ வந்தால் எடுக்கலாம்.

மச்சானுக்கு இப்படிப் பதில் அனுப்பி இருக்கிறோம்: கேம் வரட்டும். ஒரு கிழமை பார்ப்போம். உங்கள் பிளேஸ்டேஷனில் நன்றாக ஓடுகிறது என்றால், அன்றைக்கே நாலு பேரும் சல்லி போடுகிறோம். அவர் இன்னும் பதில் போடவில்லை. பரவாயில்லை, 2026 நவம்பர் 19 வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகும் இருக்கலாம்.