தாணே கழிக்கரையில் மிதிவண்டிப் பயணம்

தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இம்மாநகருக்கு வந்தோர் நம்முள் பலர். கோடை விடுமுறையில் ஊர் சென்று ஆற்றில் நீராடித் திரும்புகின்றோம். எஞ்சிய பதினொரு திங்களும், "இவ்வூரில் ஆறு ஏது, கரை ஏது?" என்று குறைபட்டுக் கொள்கின்றோம். ஆயின் ஐரோலியில் வாழ்வோர்க்கு வீட்டிற்கு அண்மையிலேயே ஒரு பெருநீர்ப் பரப்பு உண்டு. மிதிவண்டியில் ஒரு நாள் அதன் கரையோரம் சென்று வந்தால் என்னென்ன அறியலாம் என்பதை நேயர்களுக்குக் கூறுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

தாணே கழி ஆறன்று. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள உப்பங்கழி. வடக்கே ஒடுங்கிய நீர்வழியொன்றால் உல்லாஸ் ஆற்றோடு இணைந்து, தெற்கே மும்பைத் துறைமுகத்தை நோக்கி விரிகின்றது. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறும், இருமுறை வடியும். இந்த ஏற்றவற்றத்தை அறிந்து புறப்படுவோர்க்கே கழி தன் அழகைக் காட்டும்.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், என் மகளும் மகனும் உடன்வர, இருள் பிரியுமுன் புறப்பட்டோம். கையில் புளியோதரைப் பொட்டலமும் மோரும் இருந்தன. ரபாலே, கண்சோலி, கோபர்கைரணை வழியாக வாஷியை அடைந்தபோது பொழுது நன்கு புலர்ந்துவிட்டது. தொழிற்பேட்டையை ஒட்டிய பெருஞ்சாலையில் சரக்கு லாரிகள் மிகுதி. ஆதலின் உட்சாலைகளே சைக்கிளுக்கு உகந்தவை.

வாஷியில் கழியைக் கண்ட மகன், "அப்பா, இது ஆறா, கடலா?" என்றான். "இரண்டுக்கும் நடுவே உள்ளதடா. நம் முன்னோர் இதற்குக் கழி என்றே பெயரிட்டனர்" என்றேன். கழியும் கண்டலும் நாரையும் நெய்தல் திணைப் பாடல்களில் நாம் படித்தவை அல்லவா? கரையெங்கும் அடர்ந்து நிற்கும் அலையாத்தி மரங்களே அந்தக் கண்டல். மராட்டியர் இக்காட்டினைக் 'காந்தளவன்' என்கின்றனர். இரு சொற்களின் ஓசை ஒப்புமை கேட்டு மகள் வியந்தாள். பிச்சாவரத்தில் படகேறிக் கண்ட அதே வகைக் காடு தன் பள்ளிக்கு அருகிலும் இருப்பதை அன்றுதான் அவள் உணர்ந்தாள்.

வாஷியிலிருந்து பேலாப்பூர் வரை செல்லும் பாம் பீச் சாலை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். மோட்டார்கள் விரைந்து செல்லும் சாலை அது. தலைக்கவசமின்றியும், இடப்புற ஓரத்தை விட்டு விலகியும் எவரும் ஓட்டலாகாது. வழியில் அகன்ற குட்டைகள் தென்படும். அவை வீணே கிடக்கும் நீர்நிலைகள் அல்ல. நவி மும்பையின் பல பகுதிகள் தாழ்ந்த நிலம். கடல் ஏறியிருக்கும் வேளையில் பெருமழை பெய்தால் நீர் வெளியேற வழியிராது. அந்நீரைத் தாங்கி வைத்து, கடல் வடிந்தபின் வெளியே விடுவதற்கென அமைத்த தேக்கக் குட்டைகளே இவை. 1970-ல் தோன்றிய சிட்கோ நிறுவனம் இந்நகரை வகுத்தபோது செய்த ஏற்பாடு இது. குட்டை தூர்ந்தால் தெருவில் வெள்ளம் என்பதே இதன் பொருள்.

நெருள் பக்கத்தில் 'டி.பி.எஸ். ஏரி' எனப்படும் நீர்நிலையில் பூநாரைகளைக் கண்டோம். இளஞ்சிவப்பு நிறத்தோடு, ஒற்றைக்காலில், நூற்றுக்கணக்கில் நின்றன. அந்நிறம் அவை உண்ணும் பாசியாலும் சிற்றுயிர்களாலும் வருவது. அலகைத் தலைகீழாகச் சேற்றில் அமிழ்த்தி, சல்லடைபோல் இரையை வடித்தெடுக்கும். கழியில் நீர் ஏறிச் சேற்றுநிலம் மூழ்கும்போது இளைப்பாற இத்தகைய ஏரிகளை நாடும். நீர் வடிந்ததும் கழிக்கே மீளும். மழைக்காலத்தில் கட்ச் பாலை முதலிய இடங்களுக்குச் சென்று குஞ்சு பொரிக்கும். நம் கோடியக்கரைக்கும் பூநாரைகள் வருவதுண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி மும்பை வட்டாரத்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட பூநாரைகள் இருந்தன.

இவ்வளவு பெருங்கூட்டத்தின் வாழ்வு மெல்லிய நூலில் தொங்குகின்றது. 2024-ல் இதே ஏரிக்கு நீர்வரத்துத் தடைப்பட்டபோது பறவைகள் சில மாண்டன. அவ்வாண்டு மே மாதம் காட்கோபர் அருகே விமானமொன்றில் மோதி முப்பதுக்கு மேற்பட்டவை இறந்தன. ஊர்மக்களும் இயற்கை ஆர்வலரும் விடாது முறையிட்டதன் பயனாக, 2025-ல் மாநில வனவிலங்கு வாரியம் இவ்வேரியைக் காப்பிடமாக்க இசைந்தது. முறையீட்டுக்குப் பலன் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

திரும்பும் வழியில், வாஷிக் கரையில் வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த முதிய கோளி மீனவர் ஒருவரோடு பேசினோம். "என் தந்தையார் காலத்து மீன் இன்றில்லை, வலையில் பிளாஸ்டிக்தான் ஏறுகிறது" என்று மராட்டியில் கூறினார். நகரங்களின் கழிவுநீரும் தொழிற்பேட்டைகளின் கழிவும் பல்லாண்டுகளாக இக்கழியில் கலந்துள்ளன. நாம் குடியேறியதற்கு நெடுங்காலம் முன்பே இந்நீரை நம்பி வாழ்ந்தவர் அவர்.

பிற்பகலில் ஐரோலியின் திவா பகுதியிலுள்ள கடலோர உயிரினப் பன்மை மையத்திற்குச் சென்றோம். 2017-ல் திறக்கப்பெற்ற இம்மையத்திலிருந்து கழியில் படகில் அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டுகின்றனர். தாணே கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அலையாத்திக் காட்டை அழிப்பது மக்களின் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று 2018-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இது பறவைகளுக்காக மட்டும் கூறப்பட்ட தீர்ப்பன்று. தாராவியில் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கரை நெருக்கப்பட்டு, குப்பையால் தூர்ந்து, கண்டல் அழிந்து கிடந்த மித்தி ஆற்றால் அவ்வெள்ளத்தைத் தாங்க இயலவில்லை. வீடும் பொருளும் உயிரும் இழந்தவர்களுள் ஏழைகளே மிகுதி. நீருக்குரிய இடத்தை மனிதன் கைக்கொண்டால் நீர் அதனைத் திரும்பக் கேட்கும். முதலில் கேட்பது தாழ்ந்த குடிசையின் வாயிலில் என்பதை அன்று கண்டோம்.

நேயர்களே! பிறந்த ஊரின் ஆற்றை மறக்க வேண்டுவதில்லை. ஆயின் இந்நகரில் பிறந்த நம் மக்களுக்கு இதுவே பிறந்த ஊர். இக்கழியே அவர்தம் நீர்க்கரை. பூநாரைகள் தங்கும் கார்த்திகை முதல் வைகாசி வரையிலான காலத்தில் ஒரு ஞாயிறேனும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஏற்றவற்ற நேரத்தை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். கண்டற் காட்டினுள் நுழையாதீர்கள். பொட்டலத் தாளையும் அங்கே எறியாதீர்கள். கரையில் எவரேனும் கட்டட இடிபாடுகளைக் கொட்டக் கண்டால் மாநகராட்சிக்கு அறிவியுங்கள். ஒரு கரையைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை, அது தூர்க்கப்படும்போது வாளாவிருக்க மாட்டான்.