கிராமர் சரி, ஆனால் மெயில் புரியவில்லை: 'ஏன்னா' எங்கே வர வேண்டும்?

காலை ஆறரை மணிக்குச் சோழவரத்தில் ஜி.என்.டி. ரோடு ஓரம் நின்றால், கம்பெனி பஸ்கள் வரிசையாக வடக்கே போவதைப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம். அதில் என் சித்தி மகனும் ஒருவன். ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினீயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டினான். "அண்ணே, இந்த மெயில்ல என்ன தப்பு? கிராமர் எல்லாம் செக் பண்ணிட்டுத்தான் அனுப்பினேன்."

கிராமரில் ஒரு தப்பும் இல்லை. கஸ்டமருக்கு அவன் சொல்ல வந்தது இது: நைட் ஷிஃப்டில் கம்ப்ரசர் டிரிப் ஆனதாலும், ஸ்பேர் கைவசம் இல்லாததாலும், டெக்னீஷியன் காலையில்தான் வந்ததாலும், நேற்று அனுப்ப வேண்டிய 400 பீஸை அனுப்ப முடியவில்லை. ஆங்கிலத்திலும் அதே வரிசையில் எழுதியிருந்தான். ஒரு 'ஆஸ்', இன்னொரு 'ஆஸ்', அப்புறம் ஒரு 'சின்ஸ்'. நாலாவது வரியில்தான் 'குட் நாட் பி டிஸ்பேட்ச்டு' வருகிறது. கஸ்டமரிடமிருந்து ஒரே வரியில் பதில்: சரக்கு கிளம்பியதா, இல்லையா? மேனேஜர் சிசி-யில் இருந்தார். அடுத்து வந்த அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் முன்னேற வேண்டும்' என்று ஒரு வரி ஏறிவிட்டது.

இது அவனுக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை இல்லை. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். காரணத்தைச் சொல்லும் பகுதி 'ஆல்', 'அதனால்' என்று முன்னாலேயே வந்துவிடும். கேட்கிறவர் கடைசிச் சொல் வரை காத்திருப்பார், அது நமக்குப் பழக்கம். ஆங்கிலம் படிக்கிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. என்ன நடந்தது என்பதை முதலில் எதிர்பார்ப்பார், ஏன் என்பது பிறகு வரலாம். போனில் நோட்டிஃபிகேஷனாக முதல் வரி மட்டும் தெரிகிற காலத்தில் இது இன்னும் மோசம்.

வேடிக்கை என்னவென்றால், பேசும்போது நாமும் ஆங்கில வரிசையில்தான் பேசுகிறோம். "இன்னைக்கு நான் வரல, ஏன்னா காய்ச்சல்." விஷயம் முதலில், 'ஏன்னா' பின்னால். எழுத உட்கார்ந்ததும்தான் 'காய்ச்சல் காரணமாக' என்று லீவ் லெட்டர் நடைக்குத் தாவி விடுகிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். ஆக, தம்பிக்கு நான் சொன்ன வைத்தியம் சின்னது: மெயிலை முதலில் வாயால் சொல்லிப் பார். 'ஏன்னா' விழுகிற இடத்தில் 'பிகாஸ்' போடு.

குவாலிட்டி ஆட்களுக்கு இதற்கு இன்னொரு வழியும் உண்டு. 5 ஒய் ஷீட். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ அதை விளக்கச் சொன்ன உதாரணம் பிரபலம். மெஷின் நின்றுவிட்டது. ஏன்? லோடு அதிகமாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன்? ஃபில்டர் இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போயிருந்தது. முடிவில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் காரணத்துக்கு இறங்குகிறது பாருங்கள். ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழிதான். ஆனால் ஷீட்டின் வரிசை ஆங்கிலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்படியானால் காரணத்தை முன்னால் வைக்கவே கூடாதா? வைக்கலாம், படிக்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்றால். 'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டும் பெரும்பாலும் 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்ற தொனியில் வருபவை. கம்ப்ரசர் டிரிப் ஆனதே தெரியாத கஸ்டமருக்கு 'சின்ஸ்' போட்டு ஆரம்பித்தால், நான் எதையோ தவறவிட்டேனா என்று அவர் பழைய மெயில்களைத் தேடப் போவார். காரணமே புதுச் செய்தி என்றால் 'பிகாஸ்' போட்டு கடைசியில் வைப்பதுதான் சரி. ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் இயல்பாக விழுவது கடைசிப் பகுதியில். ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய சகாக்களும் 1985-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இதை ஒரு விதியாகவே விளக்குகிறது.

அழுத்தம் என்றதும் நம் 'தான்' ஞாபகம் வருகிறது. தமிழில் ஒரு 'தான்' அல்லது ஒரு 'ஏ' ஒட்டினால் வேலை முடிந்தது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. உறுதிப்படுத்துவதும் தனியே பிரித்துக் காட்டுவதும் அதில் அடக்கம். இந்தத் 'தான்' ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஒன்லி' ஆகிவிடுகிறது. "பேரிங்தான் போச்சு" என்பதை 'ஒன்லி தி பேரிங் ஃபெயில்டு' என்று எழுதினால், பேரிங் மட்டும்தான் போனது, பெரிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம் வரும். நீங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறீர்கள், அவர் நீங்கள் அலட்சியமாக இருப்பதாக நினைக்கிறார். இங்கே வேண்டியது 'இட் வாஸ் தி பேரிங் தட் ஃபெயில்டு'. தமிழிலேயே இதே அமைப்பு இருக்கிறது: "போனது பேரிங்தான்."

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'நாட்', 'பிகாஸ்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது. ஷிஃப்ட் லாக் புக்கில் ஒருவர் 'வி டிட் நாட் ஸ்டாப் தி லைன் பிகாஸ் ஆஃப் தி அலாரம்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலாரம் அடித்ததால் லைனை நிறுத்தவில்லையா? அல்லது லைன் நின்றது, ஆனால் அலாரத்தால் இல்லையா? இரண்டு அர்த்தமும் இலக்கணப்படி சரி. அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் எதை எடுத்துக்கொள்வார்? இதற்கு நல்ல ஆங்கிலம் எல்லாம் தேவையில்லை, இரண்டு வாக்கியமாக உடைத்தால் போதும். லைன் நின்றது. காரணம் அலாரம் இல்லை, பவர் கட். லாக் புக்கைத் தமிழிலேயே எழுத விட்டால் என்ன குறைந்துவிடும் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இன்றைக்கு இந்தப் பகுதி ஆலைகளில் இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களும் நிறைய. அதனால் அது அவ்வளவு எளிதான கேள்வி இல்லை.

மேனேஜர்களுக்கும் ஒன்று. 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட், தோ ஹிஸ் கம்யூனிகேஷன் இஸ் வீக்', 'தோ ஹி ஒர்க்ஸ் ஹார்ட், ஹிஸ் கம்யூனிகேஷன் இஸ் வீக்'. இரண்டிலும் அதே தகவல். முதலாவதில் உழைப்பு தலைமை வாக்கியம், குறை துணை வாக்கியம். இரண்டாவதில் தலைகீழ். படிக்கிற எச்.ஆர். மனதில் தலைமை வாக்கியம்தான் நிற்கும், இன்கிரிமென்ட்டும் அதைப் பார்த்துத்தான் வரும். 'தோ' எங்கே விழ வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசிப்பது, டீமில் இருப்பவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. வாக்கிய வரிசை மாறியதற்காக ஒருவரை 'கம்யூனிகேஷன் வீக்' என்று முத்திரை குத்துவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த மெயிலில் காரணங்கள் எல்லாம் சரியாக, நடந்த வரிசையில் இருந்தன. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

தம்பி அந்த மெயிலை அங்கேயே மாற்றி எழுதிப் பார்த்தான். முதல் வரி: 400 பீஸ் நேற்று கிளம்பவில்லை, நாளை கிளம்பும். இரண்டாவது வரி 'பிகாஸ்'. மூன்றாவது, ஸ்பேர் இனி ஸ்டாக்கில் இருக்கும் என்பது. மொத்தம் மூன்றே வரி. அவனுக்குத் திருப்தி இல்லை.

"அண்ணே, எங்கயுமே 'கைண்ட்லி' வரலயே?"

கடைசியில் ஒன்று போட்டுக்கொள் என்றேன்.