மோட்டாரை மாற்றுமுன் மூட்டையை மாற்றுங்கள்!

சைக்கிளில் டபுள்ஸ் போனவர்களுக்கு இது தெரியும். கேரியரில் கனமான நண்பன் உட்கார்ந்தால், மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். அதற்காக யாரும் மோட்டார் சைக்கிள் வாங்க ஓடுவதில்லை. "கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருடா" என்பார்கள். அவ்வளவுதான்!

படகு என்று வந்துவிட்டால் மட்டும் இந்தப் புத்தி வேலை செய்வதில்லை. அமெரிக்க ஏரிகளில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பலரிடம் இருப்பது 14 முதல் 16 அடி நீள அலுமினியப் படகு. பின்னால் 15 அல்லது 20 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார். அது சீக்கிரம் 'பிளேன்' ஆகவில்லை என்றால், பெரிய மோட்டார் வாங்கத்தான் முதலில் தோன்றுகிறது. அது கடைசியாகத் தோன்ற வேண்டிய யோசனை.

அது என்ன பிளேன்? மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட, தான் எழுப்பிய அலைக்கே அது கைதியாகிவிடுகிறது. 1870-களில் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட், நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்தத் தடையை ஆராய்ந்தார். 16 அடி படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதைத் தாண்ட, படகு தன் அலை மீதே ஏறி, தண்ணீரின் மேல் வழுக்கி ஓட வேண்டும். அதுதான் பிளேனிங்.

அந்த மேட்டை ஏறும் நொடிகள்தான் ஆபத்தானவை. அணியம் (முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும். அமரம் (பின்பக்கம்) அமிழும். எதிரே ஒருவர் நீந்திக்கொண்டிருந்தாலும் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அந்த நொடிகளைக் குறைப்பது வேகப் பைத்தியம் அல்ல. அது பாதுகாப்பு. பெட்ரோல் மிச்சமாவது கூடுதல் லாபம்.

எப்படிக் குறைப்பது? முதலில் படகின் பின்பக்கத்தைப் பாருங்கள். மோட்டார் அங்கே, ஓட்டுபவர் அங்கே, பெட்ரோல் டேங்க் அங்கே, பேட்டரியும் அங்கேயே. 25 லிட்டர் டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டுமே 18 கிலோவுக்கு மேல். அடியில் தேங்கிய தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. தண்ணீரை இறைத்துவிட்டு, டேங்க், பேட்டரி, ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் போட்டால் ஓட்டுபவரும் முன்னால் நகரலாம்.

அடுத்தது மோட்டாரின் சாய்வு. சிறிய மோட்டார்களில் சாய்வை மாற்ற ஒரு பின்னும் சில துளைகளும் இருக்கும். பின்னை ஒரு துளை மாற்றி, மோட்டாரின் அடிப்பகுதியைப் படகுப் பக்கம் கொண்டுவந்தால் அணியம் கீழே இறங்கும். செலவு? பூஜ்யம். ஆனால் அளவுக்கு மீறினால், வேகத்தில் அணியம் தண்ணீரைக் கொத்தி, படகு ஒரு பக்கம் இழுக்கும். ஒவ்வொரு துளையாக மாற்றிப் பார்ப்பதே நல்லது.

மோட்டாரின் உயரமும் முக்கியம். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்கலாம். 15 அங்குலப் பின்பலகையில் 20 அங்குல மோட்டாரை மாட்டினால் அது தேவையில்லாமல் ஆழத்தில் இழுபடும்.

கடைசியில் ப்ரொப்பெல்லர். அதன் 'பிட்ச்' சைக்கிள் கியர் மாதிரி. பிட்ச் குறைந்தால் மேடு ஏறுவது சுலபம், உச்சவேகம் கொஞ்சம் குறையலாம். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் கூடும். முழு வேகத்தில் சுற்றுகள் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பெரிய மோட்டார் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று கேட்கலாம். எப்போதும் நான்கு பேரை ஏற்றுகிறவருக்குச் சக்தி உண்மையிலேயே போதாமல் இருக்கலாம். ஆனால் பெரிய மோட்டார் கனமானது, அதுவும் அதே அமரத்தில்தான் தொங்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகளில் ஒரு தகடு பதித்திருப்பார்கள். எவ்வளவு எடை, எத்தனை குதிரைசக்தி என்பது அதில் இருக்கும். அதை மீறுவது வீரம் அல்ல.

இன்னொன்று. 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே, 26 அடிக்குக் குறைந்த படகில் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தால், பிளேனில் ஓடும்போது அதன் கயிற்றை ஓட்டுபவர் தன்னோடு மாட்டியிருக்க வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். இருக்கையை முன்னால் நகர்த்துகிறவர்கள் அந்தக் கயிறு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நகர்த்தட்டும். படகு சீக்கிரம் எழுந்தால் போதாது, போனவர் பத்திரமாகக் கரைக்குத் திரும்பவும் வேண்டும்!